ஃபோஸ்விங்கலின் வாயைப் பொத்திய கை

லூடோல்ஃப் ஃபோஸ்விங்கலின் இசைத்தட்டுகள் எங்கள் ரோட்டென்ஃபுர்ட் ஊரில் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. எந்தத் தட்டைப் போட்டாலும் சரி, பாட்டு முடிந்து கடைசி ஸ்வரம் அடங்கியதும் 'பொத்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். ஊசி கீறிய சத்தம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஊசியாவது கீறலாவது! அது ஒலிப்பதிவாளர் ஸீபெக்கின் உள்ளங்கை பாடகரின் வாயில் விழுந்த சத்தம். நாற்பத்து நாலு தட்டுகளில் நாற்பத்து மூன்று தடவை பொத்தியிருக்கிறார் மனுஷர். முதல் தட்டில் மட்டும் அந்தச் சத்தம் கிடையாது. அன்றைக்குப் பொத்த ஒரு கை இல்லாமல் போனதால்தான் இத்தனை கூத்தும் நடந்தது.

லூடோல்ஃப், ஸாலே ஆற்றுப் படகுக்காரரின் மகன். ஊருக்குக் கீழே பாலம் கிடையாது. அக்கரையில் நிற்பவர் "ஏய் படகு!" என்று கத்த வேண்டும். இக்கரையிலிருந்து படகுக்காரர் உடனே பதில் குரல் கொடுத்தாக வேண்டும். அது சட்டம். மூடுபனி நாளில் பதில் வராவிட்டால் கூப்பிட்டவர் குழம்பிப்போய் ஆற்றுக்குள் காலை வைத்துவிடுவார் அல்லவா? ஆகவே லூடோல்ஃபின் அப்பா, சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கு உருண்டையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி ஒரே பதிலைத்தான் சொல்வார்: "வந்துட்டேன் வந்துட்டேன், கொஞ்சம் பொறு!" சொல்லிவிட்டு அடுத்த உருண்டையை எடுப்பார்.

அந்த வீட்டில் பேச்சு வரும் முன்பே பிள்ளைக்கு அந்தப் பதில் வந்துவிட்டது. தூக்கத்தில் யாராவது கூப்பிட்டாலும் அதுதான் வாயில் வரும். பதினாறு வயதில் குரல் உடைந்தது. உடைந்தது என்றா சொல்வது, இடிந்து இறங்கியது! அவன் பதில் சொன்னால் அக்கரையில் மேய்கிற மாடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஒருநாள் அக்கரையிலிருந்து "ஏய் படகு!" என்று கூப்பிட்டவர் தேவாலயப் பாடகர் குழுவின் தலைவர். பதிலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். படகு வந்து சேர்ந்ததும், "பதில் சொன்ன பெரியவர் எங்கே?" என்று கேட்டார். துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த முகப்பரு முகம் சிவந்துபோய், "நான்தாங்க" என்றது.

அங்கே ஆரம்பித்த வேகம் அப்புறம் நிற்கவே இல்லை. ஆறு வருஷத்தில் கோமகனின் நாடகசாலையில் பாஸ் பாடகர். பாஸ் என்றால் மந்தர ஸ்தாயியில் கிடந்து உறுமுகிற குரல். ஓபராவில் காதலிப்பதெல்லாம் உச்சக் குரல்காரர்களின் வேலை. பாஸ் குரலுக்கு வாய்த்தது கிழ ராஜா, பூசாரி, சிறைக்காவலன், பிசாசு, பெண்ணைக் கட்டிக்கொடுக்க மறுக்கும் அப்பன். இருபத்திரண்டு வயதில் அறுபது வயதுக் கிழவனாக மேடையேறியவர், நாற்பத்தொன்று வரைக்கும் அதே அறுபதில்தான் நின்றார்.

அந்தத் தாடிகளை ஒட்டியவள் மின்னா. நாடகசாலையின் ஒப்பனைக்காரி. முதல் நாள் ஒட்டிய தாடியை அவள் வெடுக்கென்று பிய்த்தபோது லூடோல்ஃப் கத்தவில்லை. "வலிக்கலையா?" என்று கேட்டாள். "வலிக்குது. ஆனா நீங்க பிய்ச்சா பரவாயில்ல" என்றார். அந்த ஒரு பதிலுக்கே கல்யாணம் முடிந்துவிட்டது.

ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது 'கிணறு வெட்டி'க்காக. எங்கள் ஊர் வாத்தியக் குழுத் தலைவர் ஒருவர் எப்போதோ எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போன சிரிப்பு ஓபரா அது. கிணறு வெட்டுகிறவன் மேடைக் குழிக்குள் இறங்கிக்கொண்டே பாடுவான். இறங்க இறங்கக் குரலும் ஸ்வரம் ஸ்வரமாக இறங்கும். கடைசியில் தண்ணீர் தட்டுப்படும்போது அவன் பாடுகிற ஸ்வரம் இருக்கிறதே, அடேயப்பா! காதால் கேட்பதா அது? உட்கார்ந்திருக்கும் பலகை வழியாக முதுகில் ஏறும். வேறு எந்த ஊர் பாஸும் அதைத் தொட்டதில்லை. தொட முயன்றவர்கள் வெறும் காற்றை ஊதிவிட்டுப் போனார்கள்.

ஒரு ராத்திரி அந்த ஸ்வரம் முடிந்து சபையே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தபோது, மேல்மாடியிலிருந்து தோல் பதனிடுகிற ஷ்னாபெல் வாய் சும்மா இராமல் கத்தினான்: "ஏய் படகு!"

குழிக்குள்ளிருந்து யோசிக்காமல், அதே மந்தர ஸ்தாயியில் பதில் வந்தது: "வந்துட்டேன் வந்துட்டேன், கொஞ்சம் பொறு!"

கூரை பறந்துவிட்டது. கோமகனே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். அன்றிலிருந்து பதினான்கு வருஷமாக, 'கிணறு வெட்டி' நடக்கும் நாளெல்லாம் மேல்மாடி கூப்பிடும், கிணறு பதில் சொல்லும். எழுதியவர் கல்லறையில் இருந்தார், ஆட்சேபிக்க ஆளில்லை.

ஆட்சேபிக்க நினைத்தவர் ஒருவர் உண்டு. பத்து வருஷத்துக்கு முன் நாடகசாலை அதிகாரியாக வந்த ஃபான் ட்ரெஸ்லாவ். குதிரைப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாடகர்களைக் குதிரைகளாகவும் குதிரைகளை மனிதர்களாகவும் நடத்துவார் என்று மேடைக்குப் பின்னால் பேச்சு. கோமகன் சிரித்த விஷயத்தைத் தடை செய்ய முடியுமா? ஆகவே தன் தனி மாடத்தில் கையுறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல" என்பாள் மின்னா. அவள் நிற்கும் ஓரத்திலிருந்து அந்த மாடம் நேராகத் தெரியும். "மேல்மாடியில கூப்பிடுற நேரம் அவர் வாயும் லேசா அசையுது. நான் பாத்தேன்."

"கொட்டாவி விட்டிருப்பாரு" என்பார் லூடோல்ஃப்.

சரி, இனிமேல்தான் விவகாரம். கோமகனின் நாடகசாலையில் பத்தொன்பது வருஷம் முடித்தவருக்கு இருபதாவது தொடக்கத்தில் ஆயுள் ஒப்பந்தம் கிடைக்கும். குரல் போனாலும் சோறு போகாது. சாகும்வரை ஓய்வூதியம், பிறகு மனைவிக்குப் பாதி. பாடகர் பிழைப்பில் இதைவிடப் பெரிய சொர்க்கம் இல்லை. லூடோல்ஃபுக்கு அது 1904 செப்டம்பர் முதல் தேதி கையில் வரவேண்டியது. ஆனால் மேடை வாசலில் ஃபான் ட்ரெஸ்லாவ் தன் கைப்பட எழுதி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்: கிராமபோன் என்னும் தகரப் புனலுக்குள் பாடுகிற எவரும் அன்றே வேலைநீக்கம், ஒப்பந்தமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

இவ்வளவும் தெரிந்த மனுஷன் எதற்கு அந்தப் புனலில் பாட பெர்லினுக்குப் போனார்? பேராசையா? இல்லை. ஆசை, சின்னப்பிள்ளை ஆசை.

"ஊர் முழுக்க என் குரலக் கேட்டிருக்கு. நான் ஒருத்தன்தான் கேட்டதில்ல" என்று ஒருநாள் மின்னாவிடம் சொன்னார்.

"தினமும் உன் காதுகிட்டதானே கத்துற?"

"அது மண்டைக்குள்ள கேக்குற குரல், மின்னா. வெளிய போய் அது என்னவா ஆகுதுன்னு எனக்குத் தெரியலையே! சமைக்கிறவனுக்கு மட்டும் சோறு போடாத வீடு மாதிரி இருக்கு."

"போடாட்டிப் பரவாயில்ல. செப்டம்பர் வரைக்கும் பட்டினி கிட."

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் நாடகசாலை மூடியிருக்கும். தொண்டை மருத்துவரைப் பார்க்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

ஸீபெக்கின் ஒலிப்பதிவு அறை ஐந்தாவது மாடியில், கூரைக்கு அடியில் இருந்தது. பாட்டை ஊசியால் கீறிப் பதிக்கிற மெழுகுத் தட்டு இளகியிருக்க வேண்டும் என்று அடுப்பைப் போட்டு அறையை வேக வைத்திருந்தார்கள். சுவரிலிருந்து ஒரு பெரிய தகரப் புனல் வாயைப் பிளந்துகொண்டு நீண்டிருந்தது. அதைச் சுற்றி எட்டு வாத்தியக்காரர்கள், கோழிக்கூட்டில் அடைத்த மாதிரி, ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில். வயலின்களில் எல்லாம் சத்தத்தைக் கூட்டச் சின்னச் சின்னத் தகரப் புனல்கள் பொருத்தியிருந்தார்கள். ஸீபெக் ஒல்லியான, படபடப்பான மனிதர். ஒரு நிமிஷம் நின்று பேசமாட்டார்.

"இங்க உங்க பேரு தியோடோர் ப்ருன்னர். உங்க நாடகசாலை விஷயம் எனக்குத் தெரியும், கவலைப்படாதீங்க, பாதிப் பெர்லின் எங்கிட்ட பொய்ப் பேருலதான் பாடுது. பேரை நான் சொல்வேன், நீங்க பாட்ட மட்டும் பாடுங்க. குரல் மேல போறப்ப பின்னால வாங்க, இல்லாட்டி மெழுகு கிழிஞ்சிடும். கீழ இறங்குறப்ப தலையப் புனலுக்குள்ள விடுங்க. நான் கோட்டைப் புடிச்சு இழுப்பேன், தள்ளுவேன், கோவிச்சுக்காதீங்க. முடிஞ்சதும் அஞ்சு எண்ணுற வரைக்கும் மூச்சுக்கூட விடக் கூடாது. கிணறு எத்தனை அடி?"

"நாற்பது அடி, ஆறு சரணம்."

"மூணு நிமிஷத்துல வெட்டிடணும். நாலு சரணம் போதும்."

முதல் மெழுகு: ஸீபெக் கோட்டை இழுத்ததில் லூடோல்ஃப் தடுமாறி வயலின்காரர் மடியில் உட்கார்ந்தார். இரண்டாவது: யாரோ தும்மினார்கள். மூன்றாவது எல்லாம் சரியாகப் போனது. ஆனால் கடைசி ஸ்வரத்துக்கு வந்தபோது மெழுகைக் கீறும் ஊசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஸீபெக் தலையை ஆட்டினார். ஊசி அசையவே இல்லை. நான்காவதிலும் அசையவில்லை. ஐந்தாவதிலும் இல்லை. அறையே அதிர்கிறது, ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, அந்தப் பாழாய்ப்போன ஊசி மட்டும் தியானத்தில் இருக்கிறது!

"உங்க மேல தப்பில்ல" என்றார் ஸீபெக். "அவ்வளவு கீழ உள்ள சத்தம் இதுக்குக் காதுல விழாது. எந்த பாஸுக்கும் இதே கதிதான். ஒரு மெழுகு மிச்சமிருக்கு. கடைசிச் சரணத்த விட்டுட்டுப் பாடிடலாமா?"

"தண்ணி வராத கிணறா? யோவ், என்னை என்னன்னு நெனச்சீங்க!" என்று சீறினார் லூடோல்ஃப்.

அப்போதுதான் பொறி தட்டியது. ஆற்றில் மூடுபனி கவிந்த நாளில் வாயை அகலத் திறந்து கனமாகக் கத்தினால் சத்தம் பாதி ஆற்றிலேயே முங்கிப்போகும். படகுக்காரர்கள் அப்படிக் கத்தமாட்டார்கள். வாயைக் குறுக்கி, சத்தத்தைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, மூக்குப் பக்கமாக வெட்டித் தள்ளுவார்கள். கனம் கீழேயே கிடக்கும், அதன் கூர் மட்டும் தண்ணீர் மேல் தாவித் தாவிப் போய் அக்கரை சேரும். மேடையில் அப்படிப் பாடினால் வாத்து கத்துகிற மாதிரி இருக்கும் என்று பாட்டு வாத்தியார் அடித்துத் திருத்திய பழக்கம். திருத்தினால் என்ன, மறந்தா போகும்?

"போடுங்கய்யா கடைசி மெழுக!" என்றார்.

ஸீபெக் பெயரை அறிவித்தார். வாத்தியங்கள் பிடித்துக்கொண்டன. முதல் சரணம், இரண்டு, மூன்று. கோட்டு இழுக்கப்படுகிறது, தள்ளப்படுகிறது. நான்காவதில் லூடோல்ஃப் தலையைப் புனலுக்குள் விட்டார். அக்கரையில் ஆள் நிற்கிறது, நடுவில் பனி. வாயைக் குறுக்கினார். இறங்கினார். ஊசி நடுங்கியது! ஸீபெக்கின் கண் கோலிக்குண்டாகியது. ஊசி துள்ளித் துள்ளி மெழுகைக் கீறிக்கொண்டே போனது. பத்தொன்பது வருஷமாகக் காற்றோடு போய்க்கொண்டிருந்த அந்த ஸ்வரம், முழுசாக, கடைசி வரைக்கும் மாட்டிக்கொண்டது.

வாத்தியங்கள் நின்றன. அமைதி. ஐந்து எண்ண வேண்டும். ஒன்று. இரண்டு.

பதினான்கு வருஷப் பழக்கம் ஐயா அது! அந்த ஸ்வரத்துக்கு அப்புறம் வரும் அமைதியில் மேல்மாடி கூப்பிடும், கிணறு பதில் சொல்லும். இங்கே மேல்மாடியும் இல்லை, கூப்பிட ஷ்னாபெலும் இல்லை. ஆனால் வாய்க்கு அது தெரியுமா? நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"வந்துட்டேன் வந்துட்டேன், கொஞ்சம் பொறு!"

ஸீபெக் தலையில் கை வைத்துக்கொண்டார். வாத்தியக்காரர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. லூடோல்ஃபுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தியோடோர் ப்ருன்னர் என்று பெயர் மாற்றி என்ன பிரயோஜனம்? எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைகூட அது யார் என்று சொல்லிவிடும்.

"அழிச்சிடுங்க" என்றார்.

"உங்க இஷ்டம்" என்றார் ஸீபெக். "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். அழிக்கிறதுக்கு முன்னாடி இதை உங்களுக்குப் போட்டுக் காட்டுறேன். பச்சை மெழுகு ஒரு தடவைதான் தாங்கும். போட்டா ஊசியே அதை உழுது தள்ளிடும். நீங்க மட்டும் கேட்டமாதிரி இருக்கும், தடயமும் இருக்காது. போடாம விட்டா, அச்சுக்கு அனுப்பித் தட்டா வார்க்கலாம். ஊரெல்லாம் கேக்கும். எது?"

வந்த காரியம் கைமேல் வந்து நிற்கிறது. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக ஊருக்குப் போய், செப்டம்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரலாம். லூடோல்ஃப் அந்த மெழுகைக் குனிந்து பார்த்தார். கடைசி வரிகளில் கோடு லேசாக நெளிந்திருந்தது.

"இப்பதான் பொறந்திருக்கு" என்றார். "அது மூஞ்சியப் பாக்குறதுக்காக அதைக் கொல்றதா? அச்சுக்கு அனுப்புங்க."

வீட்டில் வந்து உண்மையைச் சொன்னபோது மின்னா கையிலிருந்த தாடியைச் சுவரில் எறிந்தாள்.

"புத்தி இருக்கா உனக்கு? இன்னும் அஞ்சு மாசம்! அஞ்சு மாசம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியலையா? கிழவனா நடிச்சு நடிச்சு நெசமாவே மூளை கழண்டு போச்சா?"

"இந்த ஊருக்கு அந்தத் தட்டு எங்க வரப்போகுது, மின்னா?"

வந்தது. ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆற்றங்கரையில் கோபெலின் பீர் தோட்டம். செஸ்ட்நட் மரங்களின் நிழலில் ஊரே குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது. கரி அடுப்பில் தொத்திறைச்சி வெடிக்கிறது. ஃபான் ட்ரெஸ்லாவ் தன் வேட்டை நாயோடு ஓரத்து மேஜையில் தனியாக இருந்தார். அவருக்கு நாலு மேஜை தள்ளி லூடோல்ஃபும் மின்னாவும். கோபெல் புதிதாக வாங்கிய கிராமபோனைத் தூக்கிவந்து நடுவில் வைத்தான்.

"நம்ம கிணறு வெட்டிப் பாட்டு தட்டா வந்திருக்கு! யாரோ பெர்லின்காரன் பாடியிருக்கான். நம்மாளு முன்னாடி இவன் எம்மாத்திரம்னு பாத்திடுவோம்!"

மின்னாவின் விரல்கள் லூடோல்ஃபின் தொடையை நண்டு மாதிரி கவ்வின. "எந்திரி. வயித்துவலின்னு சொல்லிட்டுப் போயிடலாம்."

லூடோல்ஃப் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. புனல் கரகரத்து, பெயர் சொல்லி, பாடத் தொடங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் குரலைக் கேட்கிறார்! தன்னுடையது என்றே தோன்றவில்லை. மண்டைக்குள் இருந்த அந்த மெத்தென்ற குரல் எங்கே? இது கரடுமுரடாக, ஈரமாக, கொஞ்சம் குறும்பாக இருந்தது. எங்கேயோ கேட்டிருக்கிறோமே, எங்கே? நாலாவது சரணத்தில் குரல் இறங்கியது, பல்லுக்குப் பின்னால் வெட்டித் தள்ளிய அந்தக் கடைசி ஸ்வரம் புனலிலிருந்து புறப்பட்டுத் தோட்டத்தைத் தாண்டி ஆற்றின் மேல் போனது. அப்போது தெரிந்துவிட்டது. அப்பா! ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு அப்பாவேதான். செத்துப் பதினோரு வருஷமாகிறது. லூடோல்ஃபின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

பாட்டு நின்றது. தோட்டம் மூச்சை அடக்கியது. ஷ்னாபெல் வாயில் தொத்திறைச்சி இருந்தது. ஆனாலும் அவனுக்கும் பதினான்கு வருஷப் பழக்கம்தானே!

"ஏய் படகு!"

தகரப் புனல் கணீரென்று பதில் சொன்னது: "வந்துட்டேன் வந்துட்டேன், கொஞ்சம் பொறு!"

தோட்டம் வெடித்தது. பீர்க் குவளைகள் மேஜையில் இடிபடுகின்றன, நாய்கள் குரைக்கின்றன, கோபெல் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, "நம்மாளு! பெர்லின்காரன் இல்ல, நம்மாளுடா!" என்று கத்துகிறான். ஒரு கணம் எல்லோரும் லூடோல்ஃபைப் பார்த்தார்கள். அடுத்த கணம் எல்லோரும் ஓரத்து மேஜையைப் பார்த்தார்கள். சத்தம் அப்படியே அமுங்கிவிட்டது.

ஃபான் ட்ரெஸ்லாவ் எழுந்து, நாயின் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, லூடோல்ஃபின் மேஜைக்கு அருகில் நின்றார்.

"நாளை காலை பத்து மணி" என்றார். போய்விட்டார்.

மறுநாள் அலுவலக வாசலில் ஷ்னாபெல் தலைமையில் பதினைந்து பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அது தங்கள் ஃபோஸ்விங்கலே இல்லை, தங்கள் ஆள் இன்னும் கீழே போவார் என்று சத்தியம் செய்யத் தயாராம். மின்னா கணவரின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தாள்.

"அவர் உன்னை விட மாட்டார். ஏதாவது ஒரு வழி சொல்வார். என்ன சொன்னாலும் சரின்னு சொல்லு. பத்தொன்பது வருஷம் வேற ஆளா நடிச்சவன்தானே நீ?"

வழி சொல்லத்தான் செய்தார் அதிகாரி. மேஜைமேல் இரண்டு காகிதங்கள். ஒன்று ஆயுள் ஒப்பந்தம்.

"ஃபோஸ்விங்கல், என் உத்தரவை நானே மீற முடியாது. ஆனால் உம்மைப்போல் ஒரு பாஸை இனி நான் எங்கே தேடுவேன்? இதோ, இது ஒரு வாக்குமூலம். 'தட்டில் பாடியவன் நான் அல்ல, அந்தக் குரல் என்னுடையது அல்ல.' கீழே கையெழுத்துப் போடும். அப்புறம் நானும் கேட்கமாட்டேன், ஊரும் கேட்காது. செப்டம்பர்வரை காத்திருக்காமல் இந்த இன்னொன்றில் நான் இப்பவே போடுகிறேன்."

பேனா மையில் தோய்ந்து தயாராக இருந்தது. லூடோல்ஃப் அதைக் கையில் எடுத்தார். எடுத்து, காகிதத்தில் வைக்கவும் போனார். 'அந்தக் குரல் என்னுடையது அல்ல.' நேற்றைக்கு முன்தினம் என்றால் யோசிக்காமல் போட்டிருப்பார். நேற்றுத்தானே கேட்டார்?

"எக்ஸலென்சி, இதுல மட்டும் கைய வைக்க முடியலைங்க."

"ஏன்?"

"எங்கப்பா ஆத்துக்கரையில நாப்பது வருஷம் கூப்பிட்டவங்களுக்கெல்லாம் பதில் சொன்னாரு. ஒரு தடவைகூட வீட்டுல ஆள் இல்லாத மாதிரி நடிச்சதில்ல. நேத்து எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்கிட்ட இருக்கிறது அவரு குரல். என்னுது இல்லைன்னு எப்படிங்க எழுதுவேன்?"

ஃபான் ட்ரெஸ்லாவ் வாக்குமூலத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு ஒப்பந்தத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "சனிக்கிழமை 'கிணறு வெட்டி' விளம்பரமாகிவிட்டது. அதைப் பாடிவிட்டுப் போகலாம். கூச்சல் எதுவும் கூடாது. மேல்மாடியில் வாய் திறப்பவனைப் போலீஸ் வெளியேற்றும்."

வெளியே வந்து சொன்னபோது மின்னா வாயைப் பிளந்தாள். திட்டுவாள் என்று லூடோல்ஃப் குனிந்து நின்றார். அவள் அவருடைய கழுத்துப்பட்டியை மறுபடியும் சரிசெய்தாள், அது சரியாகத்தான் இருந்தது.

"பிழைக்கத் தெரியாத ஜென்மம்" என்றாள். கண்ணில் நீர் தளும்பியது. "உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு நேத்து அந்தத் தட்டைக் கேட்டப்பத்தான் சந்தோஷமா இருந்துச்சு. இன்னிக்கு இன்னும் கொஞ்சம் கூடிப்போச்சு, என்ன பண்ணித் தொலைக்க. அந்த பெர்லின்காரனுக்குத் தந்தி அடி. இனிமே உன் பேரைச் சொல்லியே போடச் சொல்லு."

சனிக்கிழமை நாடகசாலையில் எள் போட இடமில்லை. மேல்மாடிப் படிகளில் ஒன்றுக்கு இரண்டாகப் போலீஸ்காரர்கள் நின்றார்கள். லூடோல்ஃப் அன்று பாடிய மாதிரி என்றைக்கும் பாடவில்லை என்று கேட்டவர்கள் சொன்னார்கள். ஆறு சரணமும் பாடினார், யாரும் கோட்டைப் பிடித்து இழுக்காமல். குழிக்குள் இறங்கினார். கடைசி ஸ்வரம் பலகைகளில் ஏறி, முதுகுகளில் ஏறி, அடங்கியது.

அமைதி.

குழிக்குள்ளிருந்து பார்த்தால் மேலே ஒரு துண்டுக் கூரைதான் தெரியும். லூடோல்ஃப் காத்திருந்தார். ஒன்று. இரண்டு. மேல்மாடியில் ஷ்னாபெல் தொப்பியை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். மூன்று. நான்கு. கூப்பிட யாருமில்லை. லூடோல்ஃப் மேலே ஏற ஏணியில் காலை வைத்தார்.

"ஏய் படகு!"

துருப்பிடித்த குரல், பழக்கமில்லாத குரல், கொஞ்சம் கீச்சென்று உடைந்தும் போனது. யாராயிருந்தால் என்ன, கூப்பிட்டுவிட்டார்கள்!

"வந்துட்டேன் வந்துட்டேன், கொஞ்சம் பொறு!"

நாடகசாலை இடிந்து விழாதது ஆச்சரியம். லூடோல்ஃப் குழியிலிருந்து தலையை நீட்டினார். மேல்மாடியும் கீழ்த்தளமும் மேடையைப் பார்க்கவில்லை, பக்கவாட்டு மாடத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தன. அங்கே ஃபான் ட்ரெஸ்லாவ் எழுந்து நின்றுகொண்டிருந்தார், கையுறை கீழே விழுந்திருந்தது, முகம் காதுவரை சிவந்திருந்தது. போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

மேடை ஓரத்தில் மின்னா மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நான்தான் சொன்னேன்ல, வாய் அசையுதுன்னு! யாரைப் பொறுன்னு சொல்லிட்டு வந்திருக்கன்னு தெரியுதா உனக்கு?"

லூடோல்ஃப் தாடியைத் தானே பிய்த்து அவள் கையில் கொடுத்தார்.

"பத்து வருஷம் பொறுத்தவருதானே" என்றார். "இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும். நான் மறுபடி போய் வணக்கம் சொல்லிட்டு வர்றேன்."